கேட்டது ஒரு மூடி

காஞ்சிபுரம். 20.06.2025, வெள்ளிக்கிழமை, காலை 11.40 மணி. உதவி ஆய்வாளர் முன்பு நேரில் வந்து சொல்ல, தலைமைக் காவலர் பாலாஜி எழுதிக்கொண்டது.

பெயர் சத்யராஜ். வயது 43. த/பெ சின்னப்பையன். கதவு எண் 17, அந்தோணியார் நகர் இரண்டாவது குறுக்குத் தெரு, சின்ன காஞ்சிபுரம். தொழில், வீடுகளுக்குக் கேன் தண்ணீர் போடுவது.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி லில்லியுடன் குடியிருந்து வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் மாகறல். பதினோரு வருடமாக தாமல் பக்கம் உள்ள ஒரு கம்பெனியில் தண்ணீர் பிடித்து, 2010-ம் வருடத்து பெட்ரோல் வேன் ஒன்றில் ஏற்றி, எங்கள் பகுதியிலும் அடுத்துள்ள நெசவுத் தெருக்களிலும் போட்டு வருகிறேன். என்னை இங்கு யாரும் அழைக்கவில்லை. நானாக வந்தேன். "நானாக" என்ற வார்த்தையையும் எழுதச் சொன்னேன், எழுதினார்.

பட்டு முதலாளி ஏகாம்பரம் என்பவர் தன் தறிக்காரி இந்திராணி என்பவர் மீது, கல்யாணப் புடவையில் ஆசிட் ஊற்றிப் பாழாக்கினார் என்று 18-ம் தேதி இந்த நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். அது ஆசிட் இல்லை. அது என் வேனின் டேங்கில் இருந்த பெட்ரோல். அதை இந்திராணிக்குக் கொடுத்தவன் நான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கடந்த 14-ம் தேதி சனிக்கிழமை காலை வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் பின்னால் டேங்குக்குள்ளிருந்து இரண்டு நொடி "உய்ங்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது வரவில்லை. ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அதன் பிறகு வேனுக்கு அடியில் படுத்து டேங்கை ரப்பர் செருப்பால் தட்டிப் பார்த்தேன், சில சமயம் நின்றுபோன பம்ப் அப்படித் தட்டினால் சுற்றும். சுற்றவில்லை. பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். அன்று என் மைத்துனர் அருளின் பைக்கை வாங்கி, ஒரு நடைக்கு இரண்டு கேன் வீதம் தண்ணீர் போட்டு முடித்தேன். மாலையில் கடைக்குப் போய்ப் புது பம்ப் வாங்கிவந்தேன்.

மெக்கானிக்கிடம் ஏன் விடவில்லை என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன் என்றேன். இப்போதே சொல்லச் சொன்னார். வரிசை கெட்டுவிடும் என்றேன்.

மறுநாள் 15-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. லில்லி மட்டும் ஆராதனைக்குப் போய் பத்தரை மணிக்குத் திரும்பினாள். அதற்குள் வேனை வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு பக்கமும் கருங்கல் அண்டை கொடுத்திருந்தேன். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டேன். வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அன்று கறி எடுக்கவில்லை, முந்தின நாள் சாம்பாரைத்தான் ஆறிப்போனபடியே சாப்பிட்டோம். இதெல்லாம் எதற்கு என்று எழுதுகிறவர் கேட்டார். பெட்ரோல் விஷயத்தில் நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பதற்கு அது அத்தாட்சி என்றேன். எல்லா ஜாக்கிரதையும் இருந்த அன்றைக்குத்தான் இந்தத் தப்பும் நடந்தது.

அதன் பிறகு டேங்கின் அடியில் உள்ள நட்டைக் கழற்றி, உள்ளே இருந்த பெட்ரோலை வெள்ளை கேன் ஒன்றில் பிடித்தேன். சுமார் மூன்றரை லிட்டர் வந்தது. அது வடித்த டீ நிறத்தில் இருந்தது. பெட்ரோல் வாடை குறைவாகவும் வார்னிஷ் வாடை அதிகமாகவும் அடித்தது. எட்டு மாதம் செலவாகாமல் டேங்கிலேயே கிடந்த பெட்ரோல் அது. வேனை தினமும் ஓட்டுகிறவன் டேங்கில் எட்டு மாதப் பெட்ரோல் எப்படி வந்தது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

அதன் பிறகு குழாய்களைக் கழற்றி, லில்லி ஒரு பக்கம் பலகையை முட்டுக் கொடுக்க, டேங்கைப் பிடித்திருந்த போல்ட்டுகளை எடுத்து, இரண்டு பழைய டயர்களின் மேல் டேங்கை மெல்ல இறக்கி வெளியே இழுத்தோம். பம்பைப் பிடித்திருந்த ஸ்குரூக்களில் இரண்டு துருப்பிடித்து வழுக்கிவிட்டன. அவற்றை உளி வைத்துத் தட்டி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. பம்பை வெளியே எடுத்தபோது அதன் அடியில் உள்ள வலை முழுவதும் கறுப்பாகப் பிசின் பிடித்திருந்தது, விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டது. ஆகவே அந்தப் பெட்ரோல் கெட்டுப்போனது என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று நான் எந்த இடத்திலும் சொல்லப்போவதில்லை.

அந்தச் சமயம், பகல் சுமார் பன்னிரண்டரை மணிக்கு, இந்திராணி எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் எங்களுக்கு அடுத்த நெசவுத் தெருவில் குடியிருக்கிறார். அவருடைய கணவர் குரு ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவர். வீட்டில் தறி ஓட்டுவது இந்திராணிதான். வாரத்துக்கு நான்கு கேன் அவர்கள் வீட்டுக்கு நான் போடுகிறேன்.

பட்டுப் புடவையில் எண்ணெய்க் கறை பட்டால், தறி வீடுகளில் பஞ்சில் துளி பெட்ரோல் நனைத்து ஒற்றி எடுப்பது வழக்கம். பெட்ரோல் பங்க்கில் பாட்டிலில் பிடித்துத் தரமாட்டார்கள் என்பதால், அக்கம்பக்கத்தில் யாராவது பைக்கிலிருந்து ஒரு மூடி பிடித்துக் கொடுப்பார்கள். இதற்கு யாரும் காசு வாங்குவதில்லை, யாரும் இல்லை என்று சொல்வதும் இல்லை. இந்திராணி வீட்டில் முன்பு பெட்ரோல் பைக் இருந்தது. குரு இப்போது அதை விற்றுவிட்டு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்.

இந்திராணி, "அண்ணா, ஒரு மூடி பெட்ரோல் இருந்தா குடுண்ணா. சாயங்காலம் புடவ அறுக்கணும், முந்தில பெட்டியிலேர்ந்து ஆயில் சொட்டு உழுந்துடுச்சு" என்றார். அறுப்பது என்றால் நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து வெட்டி எடுப்பது. பெட்டி என்பது தறிக்கு மேலே பூவேலைக்காக வைத்திருக்கும் ஜக்கார்டு பெட்டி. வேன் டேங்கைக் கழற்றிப் போட்டிருப்பதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு வந்ததாகவும் சொன்னார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக அந்தத் தெருவுக்கு நான் போய்க்கொண்டிருக்கிறேன். வாசலில் கேனை வைத்துவிட்டு வருவேன், சில வீடுகளில் உள்ளே கொண்டுபோய் வைப்பேன், சில வீடுகளில் வாசல்படியோடு சரி. அந்தத் தெருவிலிருந்து ஒருவர் எங்கள் தெருவுக்குள் நடந்து வந்து, எங்கள் வாசலில் நின்று, என்னிடம் ஒன்று கேட்டது அன்றைக்குத்தான் முதல் முறை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. லில்லி நாற்காலி எடுத்துப் போட்டாள், அவர் உட்கார்ந்தார், தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். இதை எழுத வேண்டுமா என்று கேட்டார்கள். இதை விட்டுவிட்டால் பிறகு நான் செய்தது ஏன் என்று விளங்காது என்றேன்.

அப்போது என்னிடம் இரண்டு பெட்ரோல் இருந்தன. ஒன்று டேங்கிலிருந்து பிடித்த பழையது. மற்றொன்று, டேங்கை அலசுவதற்காக அருளின் பைக்கிலிருந்து காலையில் பிடித்துவந்த ஒரு லிட்டர் புதியது. இரண்டும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு மூடி புதியதைக் கொடுத்திருந்தால் எனக்கு எந்தக் குறையும் வந்திருக்காது. ஆனால் நம் வாசலுக்கு வந்தவருக்கு ஒரு மூடிதானா கொடுப்பது என்று தோன்றியது. ஆகவே பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து அதில் டேங்குப் பெட்ரோலை வடிகட்டி, தெளிந்த மேல்பாகத்தை மட்டும் கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலில் நிறையப் பிடித்துக் கொடுத்தேன். ஒரு மூடி நல்லதைக் கொடுப்பதைவிட ஒரு பாட்டில் கொடுப்பது எனக்குப் பெருமையாகத் தெரிந்தது.

இந்திராணி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னாண்ணா மஞ்சளா இருக்குது, நல்ல பெட்ரோல்தான?" என்று கேட்டார். "பெட்ரோல்ல இன்னாமா நல்லது கெட்டது, எடுத்துக்கினு போ" என்று சொன்னேன். இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். அவர் போய்விட்டார்.

அதன் பிறகு புதுப் பெட்ரோலை ஊற்றி டேங்கை இரண்டு முறை அலசினேன். புதுப் பம்பை, புது வாஷர் வைத்து, வலைப்பக்கம் அடியில் படும்படி இறக்கி முடுக்கினேன். பழைய பம்பை பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தேன், அசையவே இல்லை. லில்லி பலகையைத் தாங்க டேங்கைத் திரும்ப ஏற்றினோம். பெட்ரோல் பங்க் தூரம் என்பதால் வேனை அங்கே தள்ளிக்கொண்டு போக முடியாமல், அருள் தன் பைக்கில் இருந்த மிச்சத்தையும் பிடித்துக் கொடுத்தார். சாயங்காலம் நான்கரை மணிக்குச் சாவியைத் திருப்பியதும் "உய்ங்" என்று சத்தம் வந்தது. மூன்றாவது முறையில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. லில்லி கை தட்டினாள். அந்த நேரத்தில் இந்திராணி என்னுடைய பெட்ரோலைப் பஞ்சில் நனைத்துக்கொண்டிருந்திருப்பார்.

16-ம் தேதி திங்கட்கிழமை தண்ணீர் போடப் போனபோது இந்திராணி, "கற போயிடுச்சுண்ணா, நேத்து ராத்திரியே புடவய முதலாளியாண்ட குடுத்துட்டேன்" என்றார். எண்ணெய்க் கறை போனது உண்மைதான். கெட்ட பெட்ரோலில் உள்ள பிசின் ஈரம் காயும்போது தெரியாது, ஒரு இரவு கழிந்த பிறகுதான் மெல்லப் பழுப்பேறும் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு நானும் சந்தோஷமாகக் கேனை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

17-ம் தேதி கல்யாண வீட்டார் வந்தபோது ஏகாம்பரம் புடவையைப் பிரித்திருக்கிறார். சந்தன நிறப் புடவை. முந்தியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு வளையம். அதற்கு இரண்டு வாரம் முன்பு இந்திராணி, இந்தப் புடவையோடு கணக்கு முடித்துக்கொண்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்யப் போவதாகச் சொல்லி, இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்திருக்கிறது. அந்தக் கோபத்தில் ஆசிட் ஊற்றிவிட்டார் என்று ஏகாம்பரம் புகார் கொடுத்ததாகத் தெரிகிறது. இதெல்லாம் நான் கேள்விப்பட்டது, பார்த்தது இல்லை.

19-ம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது இந்திராணி வீடு பூட்டியிருந்தது, வாசலில் காலி கேன் இரண்டு இருந்தது. எதிர்வீட்டு கீர்த்தி என்னைக் கூப்பிட்டு, "அந்தக்காவ ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிட்டாங்கண்ணா. ஆசிட் ஊத்திட்டாங்களாம். பெட்ரோல்தான் தொடச்சேன்னு சொல்லுறாங்களாம், அவுங்க வண்டியே பெட்ரோல் வண்டி இல்லியே, யாரு குடுத்தாங்கன்னா வாயே தெறக்கலியாம். நாளைக்கு வந்து பெட்டிய எறக்கிக்கினு போறேன்னு முதலாளி ஆளு சொல்லிட்டுப் போயிருக்கான்" என்றார். பெட்டி முதலாளிக்குச் சொந்தம், அதை இறக்கிவிட்டால் தறி இல்லை. தறிக்காரி முதலாளி புடவையில் ஆசிட் ஊற்றினாள் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால், காஞ்சிபுரத்தில் வேறு எந்த முதலாளியும் சங்கமும் அவர் கையில் நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்காது.

இதைக் கேட்டதும் நான் இங்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேனில் இருபத்திரண்டு கேன் பாக்கி இருந்தது, அத்தனையும் போட்டு முடித்தேன். அதன் பிறகு வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்து, அப்புறம்தான் லில்லியிடம் சொன்னேன். லில்லி, "நம்ம வாசல்ல வந்து வாங்கிக்கினு போன பொண்ணு, உன் பேரச் சொல்லாம அங்க உக்காந்துக்கினு இருக்குது. நீ இங்க சோத்துக்கு உக்கார்ற" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு லில்லி பீரோவைத் திறந்து தன் கல்யாணப் புடவையை எடுத்துவந்தாள். அதுவும் பட்டு, வெளிர் சந்தன நிறம், நாங்கள் கல்யாணத்துக்கு வெளிர் நிறம்தான் எடுப்போம். அவளிடம் இருக்கும் ஒரே பட்டுப்புடவை அதுதான். "சொன்னா யாரு நம்புவா? இதுல தொட" என்றாள். நான் உள்பக்கம், வெளியே தெரியாத ஓரத்தில் துடைக்கிறேன் என்றேன். "அவுங்களுக்கு முந்திலதான பட்டுது, முந்திலயே தொட" என்றாள். வெள்ளை கேனில் மீதி இருந்த அதே பெட்ரோலை அதே மாதிரி வடிகட்டிப் பஞ்சில் நனைத்து முந்தியில் ஒற்றினேன். இரவில் ஒன்றும் தெரியவில்லை. கறை வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா, வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று காலை பார்த்தபோது பழுப்பு வளையம் வந்திருந்தது.

அதன் பிறகு தேவையான பொருள்களை வேனில் ஏற்றிக்கொண்டு நானும் லில்லியும் இன்று பத்து மணிக்கு இந்த நிலையத்துக்கு வந்தோம். இந்திராணியும் ஏகாம்பரமும் இருந்தார்கள். இரண்டு புடவைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். ஏகாம்பரம் இரண்டு கறைகளையும் நகத்தால் கீறிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கறைபட்ட இடத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "ஆசிட்னா இந்நேரம் பட்டு இத்துப் போயிருக்கும். இது இழுத்தா நிக்குது" என்றார். இவ்வளவு தெரிந்தவருக்கு முதல் நாளே ஏன் இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை என்று எழுதச் சொன்னேன். அது கேள்வி, சாட்சியம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கேட்டேன் என்பதையாவது எழுதச் சொன்னேன்.

அப்போது உதவி ஆய்வாளர், தினமும் ஓடுகிற வண்டியில் எட்டு மாதப் பெட்ரோல் எப்படி இருக்கும், நீ அந்த அம்மாவைக் காப்பாற்ற எங்கேயோ பிடித்த எதையோ கொண்டுவந்திருக்கிறாய் என்றார். நியாயமான கேள்விதான். கடைசியில் சொல்கிறேன் என்று நான் தள்ளிவைத்திருந்தது இதுதான்.

கடந்த அக்டோபர் மாதத்திலிருந்து அந்த வேனை நான் பெட்ரோலில் ஓட்டவில்லை. வீட்டுச் சமையல் சிலிண்டரை வண்டியில் வைத்து கேஸில் ஓட்டினேன். அது குற்றம் என்பது எனக்குத் தெரியும். வேனுக்குப் பதினைந்து வருடம் முடிகிறது, பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும் என்பதால் 13-ம் தேதி சாயங்காலம் சிலிண்டரையும் அதன் குழாய்களையும் கழற்றி வீட்டுக்குள் வைத்தேன். மறுநாள் பெட்ரோலில் எடுக்கப் பார்த்தபோதுதான் பம்ப் போனது தெரிந்தது. கேஸுக்காக அடித்த ஓட்டைகளும் மாட்டிய கிளாம்புகளும் வண்டியில் இருந்ததால் மெக்கானிக்கிடம் விடப் பயந்து நானே வீட்டில் கழற்றினேன்.

இதை நான் சொல்லத் தொடங்கியதும் எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுப்பா. எழுதிட்டா எழுதினதுதான். வண்டி போயிடும், உம்மேல தனியா கேஸ் வரும்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். சுவரோரம் நின்ற லில்லியைப் பார்த்தேன். அது இல்லாவிட்டால் பெட்ரோல் பழசு என்பதற்கு ஆதாரம் இல்லை, எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

அதன் பிறகு ஏகாம்பரம், ஆசிட் என்று சொன்ன புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் தனியாக எழுதிக் கொடுத்தார். இந்திராணியிடம், "பெட்டி அங்கியே இருக்கட்டும். நீ சங்கத்துக்குப் போறதானா ஆடி பொறந்ததும் போ" என்றார். பாழான புடவைக்கு நானும் பொறுப்பு, அதை எப்படிச் சரிசெய்வது என்பதை வெளியில் பேசிக்கொள்கிறோம்.

நான் ஒப்படைத்த பொருள்கள்: மீதிப் பெட்ரோல் உள்ள வெள்ளை கேன், பழைய பம்ப், சிலிண்டர், வேன் சாவி, லில்லியின் பட்டுப்புடவை. புடவையைச் செய்தித்தாளில் சுற்றப் போனபோது இந்திராணி எழுந்து வந்து, "சார், பட்ட பேப்பர்ல சுத்தாதீங்க, மை எறங்கிடும்" என்று வாங்கி, தன் பையில் இருந்த வெள்ளைத் துணியில், கறை மற்ற இடத்தில் படாமல் மடித்துச் சுற்றி, லில்லியின் கையில் கொடுத்தார். லில்லிதான் அதை மேசைமேல் வைத்தாள். வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று இந்திராணியிடம் நான் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. வெளியே போகும்போது படியில் நின்று, "நாளைக்கு ரெண்டு கேன் போட்டுடுண்ணா, வீட்ல தண்ணி இல்ல" என்றார். வண்டி இங்கே நிற்கிறது என்பது அவருக்கும் தெரியும். சரிம்மா என்றேன். அருளின் பைக்கில் ஒரு நடைக்கு இரண்டு கேன்தான் வைக்க முடியும், அது போதும்.

முடிக்கும் முன் உதவி ஆய்வாளர், அந்த அம்மா உன்னிடம் எவ்வளவு பெட்ரோல் கேட்டார் என்பதை ஒரே வரியில் சொல்லச் சொன்னார். அவர் கேட்டது ஒரு மூடி, நான் கொடுத்தது ஒரு பாட்டில்.

இதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். சிலிண்டர் வருகிற இடத்தைச் சற்று வேகமாகப் படித்தார், மறுபடி நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னதில் எதுவும் விடுபடவில்லை, சொல்லாத எதுவும் சேரவில்லை, யாரும் என்னை மிரட்டவில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சி. சத்யராஜ்
உடன் இருந்தவர்: (ஒப்பம்) ச. லில்லி